பத்து டிகிரி அலுமாரிக்குள் ஐஸ்

மாலை 4.05.

மார்செல் அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைத் தூக்கினார். தொட்டி நிறைய ஐஸ்.

உறுப்பு மாற்றுப் பிரிவில் முப்பது வருடம் தாதியாக இருந்த மனிதர் அவர். ஐஸைக் கண்டு பதறுகிற ஆளில்லை. ஆனால் இந்த ஐஸைக் கண்டு பதறினார். இரண்டு கையாலும் அள்ளி, கை கழுவும் இடத்தில் கொட்டி, சுடுதண்ணீரைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்.

ஐஸுக்குள் புதைந்து கிடந்தது ஒரு சோடி நுரையீரல்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷபெல்லில் இருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி. பெயர் இங்கே வேண்டாம். வருடம் 2023, செப்டம்பர் மாதம். அன்று காலை ஏழு மணிக்கு லில் நகரத்தில் இறந்துபோன யாரோ ஒருவரிடம் இருந்து அந்த நுரையீரலை எடுத்தார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணிக்குப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். வந்ததும் ஐஸை விட்டு வெளியே எடுத்து இந்த அலுமாரியில் வைத்தார்கள். அலுமாரிக்குள் பத்து டிகிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இது புது முறை. கனடாவில் டொரொன்டோ டாக்டர்மார் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது. ஐஸில் கிடக்கும் நுரையீரல் விறைக்கிறது, அதன் உயிரணுக்களுக்குள் இருக்கும் சின்னச் சின்ன எஞ்சின்கள் பழுதாகின்றன. பத்து டிகிரியில் அவை மெல்ல ஓடிக்கொண்டே இருக்கின்றன, நெடுநேரம் தாங்குகின்றன. வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்வதில் பாதியை வடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். இது வடிக்க வேண்டாத பாதி. ஏனென்றால் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. டாக்டர் ஜெர்மேன் என்ற அந்தப் பெண் சர்ஜன் முதல்நாள் இரவு முழுக்க நின்று வேறொருவருக்கு அறுவை செய்தவர். பழைய கணக்கென்றால் நுரையீரல் வந்து இறங்கிய நிமிடமே, கண் எரிய எரிய அடுத்தவருக்கும் கத்தி எடுத்திருக்க வேண்டும். ஐஸ் காத்திருக்க விடாது. இந்தத் தடவை அலுமாரி காத்திருந்தது, அந்த அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கி எழும்பி வந்தார். அறுவை மாலை ஆறு மணிக்கு.

அந்த நுரையீரலுக்காகக் காத்திருந்தவர் நாகேஸ்வரி. வயது ஐம்பத்தொன்று. லா ஷபெல்லில் மீன்கடை. புருஷன் தவரத்தினம் மீன் வெட்டுவார், இவர் முன்னுக்கு நின்று விற்பார். இரண்டு வருடமாக அதுவும் இல்லை. நுரையீரல் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி ஆகி, மூக்கில் குழாயோடு இருந்தார். இந்தச் சோடி கை தவறினால் அடுத்தது வரும்வரை தாங்குவாரா என்று கேட்டால், டாக்டர்மார் நேராகப் பதில் சொல்லவில்லை.

மாலை 4.30.

பதினெட்டாம் வட்டாரத்துப் பொலிஸ் நிலையத்தில் இருந்து வந்தவர் லெப்டினன்ட் ஆன்-சோஃபி என்ற பெண். தகப்பன் பாண்டிச்சேரிக்காரர். நாற்பது வயதுக்குள்தான். அதிகம் பேசமாட்டார், மற்றவர் பேசி முடிக்கும்வரை விடுவார். பொலிசில் அப்படி ஆள் குறைவு.

ஜெர்மேன் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்குத் திருடன் வேண்டாம், லெப்டினன்ட். நேரம் வேண்டும். ஐஸ் எத்தனை மணிக்கு வைக்கப்பட்டது?"

"அது ஏன்?"

"கொடுத்தவருக்கு வயது கூட. நுரையீரல் சுமாரான நுரையீரல். ஐஸில் மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் இதை நான் பொருத்தமாட்டேன். வழியில் மூன்று மணி நேரம் போய்விட்டது. மிச்சம் இருப்பது மூன்று. நாலு மணிக்கு மார்செல் ஐஸை எடுத்துவிட்டார்."

"அப்படியென்றால் ஒரு மணிக்கு முன்பு வைத்திருந்தால்..."

"குப்பைக்குப் போகும். ஐந்தரைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்."

"அலுமாரியில் கருவி இல்லையா?"

"அது அலுமாரிக் காற்றை அளக்கிறது. காற்று நாள் முழுக்கப் பத்துதான். ஐஸ் மூடிபோட்ட தொட்டிக்குள் இருந்தது."

அறைக் கதவு எண்களை அழுத்தித் திறக்கிற பூட்டு. யார் திறந்தது என்று அது சொல்லாது. ஐஸையாவது பார்க்கலாமென்றால், அது உருகி வடிகாலோடு போய்விட்டது.

ஆன்-சோஃபி மார்செலின் பக்கம் திரும்பினார்.

"ஐஸை ஏன் கொட்டினீர்கள்?"

"நுரையீரலைக் காப்பாற்ற."

"புது முறை சரிவராது என்று மே மாதம் எல்லோர் முன்னாலும் சொன்னீர்களாமே."

மார்செலின் காது சிவந்தது. "சொன்னேன். முப்பது வருடம் ஐஸோடு வேலை செய்தவன். ஜூன் மாதம் இந்த அலுமாரியில் பதினொரு மணி நேரம் கிடந்த ஒன்றை உள்ளே வைத்தார்கள். ரோசாப்பூ மாதிரி விரிந்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை."

"ஐஸ் எப்படி இருந்தது?"

"சில்லுச் சில்லாக. நடையின் மூலையில் ஒரு மெஷின் இருக்கிறது, நோயாளிகளுக்கு ஐஸ் கொடுக்க. அதிலும் இப்படித்தான் வரும். மீன்கடையிலும் இப்படித்தான்." கொஞ்சம் யோசித்தார். "பையைச் சுற்றி, கை துடைக்கிற ஒரு சின்னத் துவாய் இருந்தது. துவாய்க்கு மேலேதான் ஐஸ்."

"துவாயைப் பற்றி வேறு யாருக்கும் சொன்னீர்களா?"

"இல்லை."

"சொல்ல வேண்டாம்."

மாலை 4.45.

நாகேஸ்வரியின் அறை அதே தளத்தில். கட்டில் தலைமாட்டில் வாய்வழி ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சிவப்பில் எழுதித் தொங்கியது. பக்கத்து மேசையில் ஒரு வெற்றுத் தண்ணீர்க் குடுவை, வெளிப்புறம் இன்னும் ஈரம். நாகேஸ்வரி தலையணையில் சாய்ந்திருந்தார். ஒட்சிசன் அளக்கிற கிளிப் காதுமடலில் மாட்டியிருந்தது.

"போஞ்சூர் மதாம். தமிழ்தான் பேசறேன், பயப்படாதீங்க."

"பயம் என்னத்துக்கு." நாகேஸ்வரி ஒரு மூச்சு எடுத்தார். "பொலிசெண்டால் தமிழிலையும் பொலிஸ்தானே."

"உங்க லங்ஸ்ல யாரோ ஐஸ் வச்சிருக்காங்க. தெரியுமா?"

"இப்பதான் சொன்னவை." இன்னொரு மூச்சு. "ஐஸ் வைச்சால் கூடாதோ?"

ஆன்-சோஃபி கட்டிலுக்குக் கிட்டப் போனார். காதுக் கிளிப்பைப் பார்த்தார்.

"இது வலிக்கலையா?"

அவர் கிளிப்பைப் பார்ப்பதைக் கண்டு, உள்ளே வந்த தாதி பிரெஞ்சில் சொன்னார். "விரலில்தான் காலையில் இருந்து போட்டிருந்தோம். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்ததும், மூன்றேகால் இருக்கும், எண் ஏறவில்லை. கருவி கத்திக்கொண்டே இருந்தது. காதுக்கு மாற்றினேன். அறுவைக்கு முன் பயத்தில் சிலருக்குக் கை விறைத்துவிடும், இவருக்கு ஐஸ் மாதிரி ஆகிவிட்டது."

"மூன்றரைக்குப் பிறகு?"

"போகப் போகச் சூடு வந்துவிட்டது. ஆனால் காதிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்."

நடையில் ஞானமலர் தள்ளுவண்டியோடு நின்றார். பாரிசுக்கு வெளியே சென் தெனியில் இருந்து வந்து வேலை செய்பவர். தளத்தைத் துப்புரவாக்குவதும், நோயாளிகளைத் தள்ளுநாற்காலியில் கொண்டுபோய்க் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. அலுமாரி அறையின் எண் அவருக்கும் தெரியும்.

"இண்டைக்கு அந்த அறைக்குள்ளை போனீங்களா?" பாண்டிச்சேரித் தமிழில் யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் கலந்து கேட்டார் ஆன்-சோஃபி. அது சரியாக ஒட்டவில்லை.

"காலமை கூட்டினனான். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"மூண்டு மணிக்கு நாகேஸ்வரி அக்காவை எக்ஸ்ரேக்குக் கொண்டு போனனான். கொண்டு வந்து விட்டனான்." ஞானமலர் தள்ளுவண்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு இந்த வேலை வேணும், மதாம்."

"வேலையைப் பத்தி நான் கேக்கலையே."

ஞானமலர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மாலை 5.00.

தவரத்தினம் தானாகவே வந்தார். கடை உடுப்போடு வந்திருந்தார், மீன் வாடையும் கூட வந்தது. ஜெர்மேனும் மார்செலும் நிற்க, ஆன்-சோஃபியின் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார், விலங்கு போடு என்பது மாதிரி.

"பிள்ளை, நான்தான் ஐஸ் வைச்சனான்."

"நீங்களா?"

"ஓம். மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு அவளுக்கு உடுப்புக் கொண்டு வந்தனான். எல்லாரும் கண்டவை. அப்பதான் வைச்சது."

"கதவு எப்படித் திறந்தீங்க?"

"இந்த மார்செல் அமத்தேக்கை நம்பரைப் பாத்தனான்."

"ஐஸ்?"

"கடையிலை இருந்து ஒரு பையிலை. மீன்காரனிட்டை ஐஸ் எங்காலை எண்டு கேக்கிறியள்?"

"எப்படி வச்சீங்க?"

"எப்பிடி எண்டால்? பையைச் சுத்திவர நேரை கொட்டினனான். அவளுக்கு இதிலை ஒண்டும் தெரியாது. அவளை லிஸ்டிலை இருந்து வெட்டிப் போடாதேங்கோ. என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

ஆன்-சோஃபி இதைப் பிரெஞ்சில் சொன்னார். ஜெர்மேன் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

"பன்னிரண்டில் இருந்து நாலு வரை. வழியில் மூன்று. மொத்தம் ஏழு மணி நேரம்." மார்செலின் பக்கம் திரும்பினார். "மார்செல், அறுவைக்கூடத்துக்குச் சொல்லிவிடுங்கள். இல்லை என்று."

தவரத்தினத்துக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது. ஆனால் 'இல்லை' என்பது விளங்கியது.

"என்னவாம்? ஏன் இல்லையாம்? நான்தானே செய்தனான், அவளுக்கேன் இல்லை?"

"ஐஸ் பன்னெண்டு மணிக்கு வச்சிருந்தா லங்ஸ் போச்சுங்க. ஒரு மணிக்கு அப்புறம் வச்சிருந்தா பரவாயில்ல."

தவரத்தினத்தின் முகம் வெளுத்தது. பெண்சாதியைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவளின் மூச்சையே பிடுங்கிவிட்டது. இப்போது மாற்றிச் சொன்னால் யார் நம்புவது? ஒரு மணிக்குப் பிறகு அவர் கடையில் நின்றதைப் பார்க்க லா ஷபெல்லில் பாதிப்பேர் இருந்தார்கள். பன்னிரண்டை அவர் பிடித்துக்கொண்டதும் அதனால்தான்.

"டாக்டர், ஐந்து நிமிடம்," என்றார் ஆன்-சோஃபி. "இவர் பொய் சொல்கிறார்."

"எதற்காக?"

"வாருங்கள்."

மாலை 5.12.

நாகேஸ்வரியின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஞானமலரையும் ஆன்-சோஃபி கூட்டி வந்திருந்தார். முதலில் பிரெஞ்சில் சொன்னார், பிறகு தமிழில்.

"உங்க புருஷன் ஐஸ நேரா கொட்டினேன்னு சொன்னார். ஆனா உள்ள ஒரு துவாய் சுத்தியிருந்துச்சு. அது அவருக்குத் தெரியல. அப்ப அவர் வைக்கல."

தவரத்தினம் தரையைப் பார்த்தார்.

"மார்செலும் வைக்கல. வச்சிருந்தா ஐஸ் பெட்டியில எப்படி வைப்பாரோ அப்படி வச்சிருப்பார், துவாய் சுத்தமாட்டார். துவாய் சுத்தறது யாரு? சதை மேல ஐஸ் பட்டா வெளுத்துப்போகும்னு தெரிஞ்சவங்க. துண்டு மீனுக்கு மேல துணி போட்டு, அதுக்கு மேல ஐஸ் போட்டு விக்கறவங்க."

ஆன்-சோஃபி பக்கத்து மேசையைக் காட்டினார்.

"மதாம் நாகேஸ்வரி, உங்களுக்கு இன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. அப்ப இந்தக் குடுவை ஏன் மேசையில இருக்கு? ஏன் வெளியில ஈரம்? மூணு மணிக்கு எக்ஸ்ரேக்குப் போனப்ப போர்வைக்கு அடியில மடியில வச்சிருந்தீங்க. ஐஸ் மெஷின் வழியில இருக்கு. கதவத் தொறந்தது ஞானமலர்."

ஜெர்மேன் குறுக்கிட்டார். "லெப்டினன்ட், இந்த அம்மாவால் பத்து அடி நடக்க முடியாது."

"நடக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்தில்தான் அந்தத் தொட்டி."

"நேரம்? எனக்கு நேரம்தான் வேண்டும். குடுவை நேரம் சொல்லாது."

"குடுவை சொல்லாது. விரல் சொல்லும்." ஆன்-சோஃபி காதுக் கிளிப்பைத் தொட்டுக் காட்டினார். "காலையில் இருந்து இது விரலில் இருந்தது, ஒழுங்காக வேலை செய்தது. எக்ஸ்ரேக்குப் போகும்போதும் வேலை செய்தது. திரும்பி வரும்போது விரலில் எண் ஏறவில்லை. தாதி பயம் என்று நினைத்தார். பயத்தில் விறைத்த கை அரை மணி நேரத்தில் தானாகச் சூடாகாது, அதுவும் அறுவை நெருங்க நெருங்க. இவரின் கை சூடாகிவிட்டது. ஏனென்றால் அது பயமில்லை. வெறுங்கையால் ஐஸ் அள்ளி அடுக்கிய கை. மூன்று மணிக்கும் மூன்றேகாலுக்கும் இடையில்."

மூன்றேகாலில் இருந்து அந்த அறைக்கு வந்துபோன தாதிமாரும் டாக்டர்மாரும் அந்தக் காதைப் பார்த்தார்கள். கிளிப் காதில் இருப்பது அதிசயமில்லை. விரலை விட்டு ஏன் வந்தது என்று கேட்க ஒருத்திக்குத்தான் தோன்றியது.

ஜெர்மேன் கட்டிலில் குனிந்தார். "உங்கள் வாயால் நான் கேட்க வேண்டும். லிஸ்டில் இருந்து யாரும் உங்களை வெட்டமாட்டார்கள். மூன்று மணிதானா?"

ஆன்-சோஃபி தமிழில் சொன்னார். நாகேஸ்வரி புருஷனைப் பார்த்தார்.

"இந்த விசரன்... பன்ரெண்டெண்டு சொன்னவரே?"

"ஞானமலர் போன் பண்ணிச் சொன்னவள். உன்னைத்தான் யோசிச்சனான்," என்றார் தவரத்தினம்.

"யோசிச்சது காணும்." மூச்சு வாங்கியது. "ஓம். மூண்டு மணி. நான்தான். ஞானமலரை ஒண்டும் சொல்லாதேங்கோ. வாய் காயுது, நனைக்க எண்டு சொல்லித்தான் ஐஸ் எடுத்தனான். செத்த சீவன் ஆரெண்டும் தெரியாது. ஒருக்கா கும்பிட்டுப்போட்டு வாறனெண்டு கேட்டனான். அவள் பாவம், கும்பிடேக்கை பாக்கக் கூடாதெண்டு வெளியிலை திரும்பி நிண்டவள்."

ஞானமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐஸ் எதுக்கு?" என்றார் ஆன்-சோஃபி.

"பத்து டிகிரியெண்டு, கையெழுத்து வாங்கிற பேப்பரை வாசிச்சுச் சொல்லேக்கையே எனக்குச் சரியாப் படேல்லை. இருவது வருசம் மீன் வித்தனான்." நிறுத்தி, மறுபடி மூச்செடுத்தார். "ரெண்டு டிகிரிக்கு மேலை போனால், கொண்ட்ரோல்காரன் வந்து... தெர்மாமீற்றரைக் குத்திப் பாத்து... முழு மீனையும் குப்பையிலை கொட்டிப்போட்டு, தண்டமும் எழுதுவான். உங்கடை ஆக்கள்தான் பழக்கினவை. மனுசற்றை சுவாசப்பையை மட்டும் பத்திலை வைக்கலாமோ? பழுதானதைத்தான் எனக்குத் தைக்கப் போகினம் எண்டு நினைச்சனான்."

ஆன்-சோஃபி அதை வார்த்தை தவறாமல் பிரெஞ்சில் சொன்னார். மார்செல் இருமினார், சிரிப்பை அடக்க. ஜெர்மேன் சிரிக்கவில்லை. நாகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மீன் செத்தது. செத்ததற்குத்தான் ஐஸ். இது சாகவில்லை. இதை நாங்கள் உயிரோடு வைத்திருக்கிறோம், அதற்குத்தான் பத்து."

ஆன்-சோஃபி அதைத் தமிழில் சொன்னதும் நாகேஸ்வரி கதவுப் பக்கம் பார்த்தார்.

"அப்ப... அங்கை உயிரோடையே கிடக்குது?"

"ஓம்," என்றார் ஆன்-சோஃபி. இந்தத் தடவை அந்தச் சொல் சரியாக ஒட்டியது.

"ஐயோ, குளிரப்பண்ணிப் போட்டன்," என்றார் நாகேஸ்வரி. அப்போதுதான் அழுதார்.

ஜெர்மேன் நிமிர்ந்தார். "வழியில் மூன்று. இங்கே ஒரு மணி நேரம். மொத்தம் நாலு. மார்செல், இல்லை என்று சொல்லிவிட்டீர்களா?"

"இல்லை. என் போன் கொஞ்ச நேரமாக வேலை செய்யவில்லை," என்றார் மார்செல், கையில் வெளிச்சமாக இருந்த போனோடு.

"நல்லது. கட்டிலைத் தள்ளுங்கள்."

தள்ளியது ஞானமலர்.

மறுநாள் காலை ஆன்-சோஃபி கடமைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடந்ததைச் சொல்ல மார்செல் நின்றார். பழைய நுரையீரலை எடுத்தபோது கல்லு மாதிரி இருந்ததாம். புதியதை வைத்து இரத்தத்தை விட்டதும், வெளுப்பாக இருந்தது நிறம் மாறி, காற்றுப் போகப் போக மடிப்பு மடிப்பாக விரிந்ததாம். டாக்டர் ஜெர்மேனின் கை ஒரு தடவையும் நடுங்கவில்லையாம். தூங்கி எழும்பிய கை. முப்பது வருடத்தில் இவ்வளவு அமைதியான அறுவை பார்த்ததில்லை என்று மார்செல் சொன்னார். பார்த்ததைக் கூட்டிச் சொல்கிற ஆள் அவரில்லை.

பெரிய பெயர்கள் டொரொன்டோவில் இருக்கட்டும். இரவில் தூங்காத டாக்டரைத் தூங்கவைத்து, செத்துப்போகிற நுரையீரலைத் தூங்கவைத்து, ஒரு மீன்காரப் பெண்ணுக்கு மூச்சைக் கொடுக்கிற வேலை சின்ன வேலையில்லை. எதையும் சந்தேகப்படுகிறவனும் இதற்குத் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே தவரத்தினம் நின்றார். உள்ளே நாகேஸ்வரியின் நெஞ்சு மெஷினோடு சேர்ந்து ஏறி இறங்கியது. ஆன்-சோஃபியைக் கண்டதும் அவர் மிரண்டார்.

"பிள்ளை, என்னிலை கேஸ் போட வந்தனியளோ? பொய் சொன்னதுக்கு?"

"டாக்டர் புகார் குடுக்கல. நானும் எழுதல."

"அப்ப ஒண்டுமில்லையே?"

"நான் விட்டுட்டேங்க. அந்தக் குழாய எடுத்ததும் உள்ள இருக்கறவங்க விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. இனிமே அவங்களுக்குக் கத்த மூச்சு இருக்கும்."

தவரத்தினம் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒருத்தரும் கத்தவில்லை.

"கத்தட்டும்," என்றார். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.